இறுக்குவது பாதி, தளர்த்துவது மீதி: ஆண்களுக்கான இடுப்புத்தளப் பயிற்சி

சிறுநீர் கழித்து, உதறி, கால்சட்டையின் ஜிப்பையும் இழுத்து மூடிய பிறகு ஒரு சொட்டு வரும். நடு வயதைக் கடந்த ஆண்கள் பலருக்கு இது தெரியும். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வெளிர் நிறக் கால்சட்டை அணிந்த நாளென்றால் கை கழுவும் இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, குழாய்தான் தெறித்துவிட்டது என்ற பாவனையில் வெளியே வருவோம். நான் வந்திருக்கிறேன். சிறுநீரை அடக்க உதவும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சி எனக்கு அறிமுகமானது அந்தச் சொட்டினால்தான். ஆண்மை, வீரியம் போன்ற பெரிய சொற்களுக்கு அதில் பங்கில்லை.

ஆனால் பயிற்சியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் அந்தப் பெரிய சொற்கள்தான் வழிமறித்து நிற்கின்றன. இத்தனை நாளில் இத்தனை அங்குலம், இத்தனை வாரத்தில் குதிரை வேகம் என்று வாக்குறுதிகள். உடலில் எது நடக்கக்கூடியது, எது நடக்காதது என்று பிரித்துப் பார்க்காமல் தொடங்குபவர் முதல் பத்து நாள் வெறியோடு செய்வார். பதினோராம் நாள் வலி வரும், அல்லது சலிப்பு வரும். அதோடு சரி. இதைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தோற்பது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை, அவசரத்தால்தான் தோற்கிறார்கள். ஆகவே, எதைப் பயிற்றுகிறோம் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

எது தசை, எது தசை இல்லை

எடை தூக்கினால் புஜம் பருக்கிறது. அதே கணக்கை ஆணுறுப்புக்கும் போடுவதுதான் முதல் தவறு. உறுப்பின் வெளியே தெரியும் பகுதியில் புஜத்தில் இருப்பது போன்ற தசை கிடையாது. உள்ளே நீளவாக்கில் இரண்டு தூண்கள் இருக்கின்றன. கடற்பஞ்சைப் போலச் சிறு சிறு அறைகள் நிறைந்த திசுவாலானவை. அவற்றைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை உறை ஒன்று இருக்கிறது. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு பஞ்சறைகளின் சுவரிலுள்ள மென்தசைகளைத் தளர வைக்கிறது. தளர்ந்த அறைகளுக்குள் இரத்தம் பாய்கிறது. அறைகள் புடைத்து வெள்ளை உறையை அழுத்த, இரத்தம் வெளியேறும் சிரைகள் நடுவில் நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே வந்தது உள்ளேயே நிற்கிறது. இதுதான் விறைப்பு. நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களில் இப்படிச் சமிக்ஞையாக வேலை செய்வதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டும். விறைப்பு தொடங்குவது தளர்ச்சியில். உடம்பும் மனமும் முறுக்கேறிக் கிடக்கும்போது அது வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இறுக்கமே வலிமை என்று நம்பிப் பயிற்சிக்கு வருபவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் பல சிக்கல்களைத் தவிர்க்கலாம்.

அப்படியானால் பயிற்றக்கூடிய தசை எங்கே? உறுப்பின் வேரில். வெளியே தெரியும் அளவோடு முடிந்துவிடும் உறுப்பல்ல அது; விதைப்பைக்குப் பின்னால் உடலுக்குள் தொடர்ந்து சென்று இடுப்பெலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வேர்களின் மேல் இரண்டு தசைகள் போர்த்தியிருக்கின்றன. ஒன்றின் பெயர் இஸ்கியோகேவர்னோசஸ். அது சுருங்கும்போது வேரிலுள்ள இரத்தத்தை முன்னோக்கிப் பிழிந்து, உறுப்புக்குள் இருக்கும் அழுத்தத்தை உடலின் இரத்த அழுத்தத்துக்கும் மேலே உயர்த்துகிறது. முழு விறைப்பின் அந்தக் கடைசிக் கடினத்தைத் தருவது அதுதான். இன்னொன்று பல்போஸ்பாஞ்சியோசஸ். சிறுநீர்க் குழாயின் தொடக்கப் பகுதியைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்து வெளியேறும்போது தாளகதியில் துடிப்பதும், சிறுநீரின் கடைசிச் சொட்டை வெளியே தள்ளுவதும் இதன் வேலை. என் கால்சட்டைப் பிரச்சினைக்கும் இதுவே பொறுப்பாளி.

இவ்விரண்டுக்கும் மேலே, இடுப்புக் கூட்டின் அடியில் தூளி கட்டியது போல, முன்னிருந்து பின்னாக இன்னொரு தசைத்தொகுதி விரிந்திருக்கிறது. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்குவது அது. எல்லாவற்றையும் சேர்த்து இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம். 1948இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் சிறுநீர்க் கசிவால் அவதிப்பட்ட பெண்களுக்காக இந்தத் தசைகளுக்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். கெகல் பயிற்சி என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. பெண்களுக்கென்று தொடங்கியது ஆண்களை எட்டியதும், சந்தைக்காரர்கள் அதற்கு வேறு வேடம் போட்டுவிட்டார்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை

இந்தப் பேச்சைத் தாண்டாமல் மேலே போக முடியாது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 15,521 ஆண்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தாமே அளந்து சொன்ன கணக்கு அல்ல, மருத்துவப் பணியாளர்கள் அளந்தது. சராசரி நீளம் தளர்ந்த நிலையில் 9.16 சென்டிமீட்டர், விறைத்த நிலையில் 13.12 சென்டிமீட்டர். பெரும்பாலானவர்கள் இந்தச் சராசரியை ஒட்டியே இருந்தார்கள். இத்தாலியில் உறுப்பை நீட்டிக்க வேண்டும் என்று மருத்துவர்களிடம் வந்த 67 பேரை 2002இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. ஒருவருக்குக்கூட மருத்துவக் கணக்குப்படி உறுப்பு சிறியதாக இல்லை. குறை இருந்தது அளவில் அல்ல, தன்னைப் பற்றிய கணிப்பில்.

இடுப்புத்தளப் பயிற்சி நீளத்தைக் கூட்டாது. கையால் அழுத்தி உருவிப் பிழியும் பயிற்சிகளைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள்; அவை நிரந்தரமாக அளவைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. தீங்குக்கோ வழியுண்டு. அந்த வெள்ளை உறையில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டால், ஆறும்போது அங்கே தழும்பு படியலாம். தழும்பு படிந்த இடம் நீளாது. ஆகவே விறைப்பின்போது உறுப்பு அந்தப் பக்கமாக வளையும், வலிக்கவும் செய்யும். 1743இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் இது பெய்ரோனி நோய் எனப்படுகிறது. இல்லாத குறையைத் தீர்க்கப் போய் இருக்கும் உறுப்பைக் கெடுத்துக்கொள்ளும் கதை. மெல்ல இழுத்துப் பிடித்திருக்கும் இழுவைக் கருவி ஒன்றை மருத்துவர்கள் சில நோயாளிகளுக்குப் பரிந்துரைப்பதுண்டு. ஆய்வுகளில் அதைத் தினமும் பல மணி நேரம் வீதம் மாதக்கணக்கில் அணிந்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுதான். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். வீட்டில் தானே செய்துபார்க்கும் விஷயம் அல்ல.

சரி, பயிற்றக்கூடியதற்கு வருவோம்.

முதல் வாரம்: தேடுவது மட்டும்

புதியவர்கள் செய்யும் பயிற்சியில் பாதி வேறு ஏதோ தசைக்குப் போய்ச் சேர்கிறது. வயிற்றை எக்குகிறார்கள், புட்டத்தை இறுக்குகிறார்கள், தொடைகளை நெரிக்கிறார்கள், பல்லைக்கூடக் கடிக்கிறார்கள். சேர வேண்டிய இடத்துக்கு எதுவும் சேர்வதில்லை. ஆகவே முதல் வாரம் எண்ணிக்கை வேண்டாம், பலம் வேண்டாம். கண்டுபிடித்தால் போதும்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை அடிவயிற்றின் மேல் இருக்கட்டும். இரண்டு மூச்சு சும்மா விடுங்கள். மூன்றாவது மூச்சை வெளியே விடும்போது, ஆண்குறியை உடலுக்குள் சற்றே இழுத்துக் குட்டையாக்குவது போல நினையுங்கள். சில்லென்ற தண்ணீரில் இடுப்பளவு இறங்கும்போது உடம்பு தானாகச் செய்யுமே, கிட்டத்தட்ட அது. சரியான தசை வேலை செய்தால் உறுப்பின் அடிப்பகுதி இலேசாக உள்ளே போகும், விதைகள் சற்றே மேலெழும்பும். வயிற்றின் மேலிருக்கும் கை அசையக் கூடாது. புட்டம் தரையில் மெத்தென்றே கிடக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கண்ணாடிக்கு முன் நின்று பார்க்கலாம். வெட்கப்பட அங்கே யாருமில்லை.

குட்டையாக்குவது போல நினைக்கச் சொன்னதற்குக் காரணமிருக்கிறது. ஆசனவாயை இறுக்குங்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் குறிப்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெவ்வேறு குறிப்புகளைச் சொன்னால் ஆண்களின் இடுப்புத்தளத்தில் எந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். ஆசனவாயை நினைத்தால் பின்பக்கத் தசைகள்தான் அதிகம் இயங்கின. குறியைக் குட்டையாக்குவதாக நினைத்தபோது முன்பக்கச் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள தசை நன்றாக இயங்கியது. ஒரே பயிற்சிதான், சொல்லும் சொல் மாறினால் வேலை செய்யும் தசையும் மாறிவிடுகிறது. யோகாசனத்தில் மூலபந்தம் பழகியவர்களுக்கு இந்தப் பிரதேசம் முன்பே பரிச்சயமாக இருக்கும்.

சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்த்தால் தசை பிடிபடும் என்றும் சொல்வார்கள். அடையாளம் காண்பதற்காக ஓரிரு முறை செய்வதில் தவறில்லை. அதையே தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும் பழக்கம் அதில் வந்து சேரலாம்.

தேடும் வாரத்தில் ஏமாற்றம் வரும். என்னுடைய நோட்டுப்புத்தகத்தில் மூன்றாம் நாளுக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "நான்கு முறை வந்தது. ஐந்தாவதில் எதுவும் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்." நான்கு முறை இறுக்கியதற்கே களைத்துப்போகும் தசை என்னிடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. முப்பது முறை என்ற இலக்கோடு தொடங்கியிருந்தால் மீதி இருபத்தாறும் வயிற்றுக்கும் தொடைக்கும்தான் போயிருக்கும்.

தளர்த்துவதற்கும் எண்ணிக்கை உண்டு

இரண்டாம் வாரத்திலிருந்து எண்ணலாம். மூன்று விநாடி இறுக்கிப் பிடியுங்கள். பிறகு ஆறு விநாடி விடுங்கள். விடுவது என்றால் இறுக்கத்தை நிறுத்துவது மட்டுமில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலெழும்புகிறது. நுரையீரலுக்குக் கீழுள்ள உதரவிதானம் இறங்குகிறது. அதோடு இடுப்புத்தளமும் மெல்லக் கீழே தாழ்கிறது. அந்தத் தாழ்வை உணர வேண்டும். தூளியில் படுத்திருக்கும் குழந்தை தூங்கிப்போனதும் துணி இன்னும் ஒரு விரற்கடை இறங்குமே, அப்படி. அது முழுதாக இறங்கிய பிறகுதான் அடுத்த இறுக்கம்.

பெரும்பாலானவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இறுக்கிக்கொண்டே போகிறார்கள், தசை பழைய நிலைக்குத் திரும்பும் முன்பே அடுத்ததைப் போடுகிறார்கள். நாளடைவில் தசை அரைகுறை இறுக்கத்திலேயே உறைந்துவிடுகிறது. விளைவு எதிர்மறையாகப் போகும்: விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் மந்தமான வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, விந்து வெளியேறும்போது வலி, சில நேரம் விறைப்பே குறைவது. எந்தக் குறைக்காகத் தொடங்கினாரோ அதே குறை கூடியதைப் பார்த்து, இன்னும் போதவில்லை போலும் என்று எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவார். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் இடுப்புத்தளம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவர்கள், பதற்றத்தை வயிற்றிலும் இடுப்பிலும் சுமப்பவர்கள். அவர்களுக்கு முதல் சில வாரங்கள் இறுக்கமே வேண்டாம். ஆழ்ந்த மூச்சு, தாழ்த்திப் பழகுவது, குந்தி உட்காருவது ஆகியவையே பயிற்சி. தாம் எந்த வகை என்று தெரியாவிட்டால், இந்தத் துறையில் பழகிய இயன்முறை மருத்துவர் ஒரே சந்திப்பில் சொல்லிவிடுவார்.

விந்து முந்துதலால் அவதிப்படுபவர்களுக்குத் தளர்த்தும் பாதி இன்னும் முக்கியம். உச்சம் நெருங்கும்போது இந்தத் தசைகள் தாமாகவே இறுகத் தொடங்குகின்றன. அந்த இறுக்கத்தை அடையாளம் கண்டு தளர்த்தத் தெரிந்தவருக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. இத்தாலியில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட காலமாக இந்தப் பிரச்சினை இருந்த 40 பேருக்கு 12 வாரம் இடுப்புத்தளப் பயிற்சி கொடுத்தார்கள். 33 பேர் கட்டுப்பாடு பெற்றார்கள். சிறிய ஆய்வுதான், அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் எழுதிய நிறுத்தித் தொடங்கும் முறையும் இதே திசையில்தான் போகிறது: உச்சத்துக்கு முன்னால் நின்று, தணியவிட்டு, மறுபடி தொடங்குவது. துணைவர் ஒத்துழைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். துணைவரிடம் பேசாமல் இரகசியமாகச் செய்துகொண்டிருப்பதைவிடப் பேசிவிடுவது பல வீடுகளில் பயிற்சியைக் காட்டிலும் வேகமாகப் பலன் தருகிறது.

எவ்வளவு, எத்தனை நாள்

எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். கிரேஸ் டோரி என்ற பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும், விறைப்புக் குறைபாடு இருந்த 55 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியின் கரு இதுதான்: படுத்து மூன்று, உட்கார்ந்து மூன்று, நின்று மூன்று, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஆக நாளுக்குப் பதினெட்டு இறுக்கங்கள். ஒவ்வொன்றும் தரமானதாக, முழு பலத்தோடு. நடக்கும்போது பாதி பலத்தில் இலேசாகத் தூக்கிப் பிடிப்பது, சிறுநீர் கழித்த பிறகு ஒரு முறை இறுக்குவது ஆகியவையும் உண்டு. வாழ்க்கைமுறை மாற்றங்களும் சேர்த்துச் சொல்லப்பட்டன. ஆறு மாத முடிவில் 40 சதவீதத்தினர் இயல்பான விறைப்பைத் திரும்பப் பெற்றார்கள். 34.5 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. 25.5 சதவீதத்தினருக்கு எந்தப் பலனும் இல்லை.

கடைசி எண்ணை விளம்பரக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஒழுங்காகச் செய்தும் நான்கில் ஒருவருக்குப் பலன் கிடைக்காமல் போகலாம். அவருடைய பிரச்சினை தசையில் இல்லாமல் இரத்தக் குழாயிலோ நரம்பிலோ ஹார்மோனிலோ மனத்திலோ இருக்கலாம். அது அவருடைய தோல்வி ஆகாது. ஆறு மாதம் என்ற எண்ணையும் கவனியுங்கள். எந்தத் தசையைப் பயிற்றினாலும் முதல் சில வாரங்களில் தசை வளர்வதில்லை. மூளை அதை எழுப்பக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகுதான் தசையே தடிக்கத் தொடங்கும். ஆகவே மூன்று மாதம் ஆகும் முன் பலனைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது கொத்தனார் பூசிய சுவரைப் பூச்சு காயும் முன் தட்டிப் பார்ப்பது போலத்தான்.

நான் பின்பற்றியதைச் சொல்கிறேன். ஐந்து முறை மூன்று விநாடி பிடிப்பது சிரமமின்றி மூன்று நாள் தொடர்ந்து வந்தால், நான்காம் நாள் நான்கு விநாடி. அப்படியே படிப்படியாகப் பத்து விநாடி வரை. ஒரே நாளில் நேரத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டுவதில்லை, ஒன்றை மட்டும். பிடிக்கும்போது ஐந்தாவது விநாடியில் தசை கைநழுவுவது தெரிந்தால், அன்றைய அளவு நான்கு. அவ்வளவுதான், வருத்தம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. படுத்துச் செய்வது எளிதான பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. நிற்கும்போது வயிற்றின் எடையும் சேர்ந்து மேலிருந்து அழுத்துவதால், படுத்தபோது பத்து விநாடி நின்றது இங்கே ஐந்தில் விழும். அதுவும் இயல்புதான். பதறாத காரியம் சிதறாது என்பதை இந்தத் தசையைப் போல எனக்குக் கற்பித்தது வேறொன்றில்லை.

நோட்டுப்புத்தகத்தில் நான்கு கட்டங்கள் போட்டேன். எத்தனை முறை, எத்தனை விநாடி, வலி உண்டா, காலையில் விழிக்கும்போது விறைப்பு இருந்ததா. கடைசிக் கட்டத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான ஆணுக்குக் கனவு காணும் உறக்க நேரங்களில் ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை வரை தானாகவே விறைப்பு வந்து போகிறது. விழித்தெழும் வேளையில் அதில் ஒன்று மிஞ்சியிருப்பதைத்தான் காலையில் பார்க்கிறோம். அது வழக்கமாக வந்துகொண்டிருந்தால் குழாய்களும் நரம்புகளும் நல்ல நிலையில் இருப்பதற்கு அடையாளம்; துணைவரோடு இருக்கும்போது மட்டும் சிக்கல் என்றால் அதன் வேர் பெரும்பாலும் மனத்தில் இருக்கும். அளவுகோலால் நீளம் அளந்து எழுத ஒரு கட்டம் போடாதீர்கள். தினமும் அளப்பவருக்கு ஏமாற்றம் தவிர வேறெதுவும் வளராது. பின்னர் ஐந்தாவதாக ஒரு கட்டமும் சேர்ந்தது: "சொட்டு".

இடுப்புக்கு வெளியே

தசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே பாய இரத்தம் வேண்டும். உறுப்புக்குப் போகும் தமனிகளின் விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்தின் தமனிகள் மூன்று நான்கு மில்லிமீட்டர். உடல் முழுவதும் குழாய்களின் உட்சுவர் கெடும்போது குறுகலான குழாய்தான் முதலில் அடையாளம் காட்டும். விறைப்புக் குறைபாடு சிலருக்கு இதய நோயின் அறிகுறிகளுக்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே தலைகாட்டுவது இதனால்தான். ஆகவே நாற்பது வயதில் புதிதாக இந்தச் சிக்கல் தொடங்கியவர் பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள் ஆகியவற்றின் பங்கு இங்கேதான். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 40 நிமிடம் வீதம் வாரம் நான்கு முறை, மூச்சு வாங்கும் அளவுக்கான உடற்பயிற்சியை ஆறு மாதம் செய்வதைப் பரிந்துரைத்தது. மறுபடியும் ஆறு மாதம். 2004இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் இருந்த 110 பேரில் ஒரு பாதியினர் இரண்டு ஆண்டுகள் உணவையும் உடற்பயிற்சியையும் சீராக்கி எடையைக் குறைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இயல்பான நிலை திரும்பியது. உறக்கமும் கணக்கில் சேரும். இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்த சிகாகோ ஆய்வில் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? குழாயைக் கெடுப்பதில் அதற்கு இணையானவை குறைவு.

சைக்கிளில் நீண்ட தூரம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறங்கிய பிறகு உறுப்புப் பகுதி மரத்துப்போயிருந்தால் இருக்கை நரம்பை நெருக்குகிறது என்று பொருள். இருக்கையை மாற்றுங்கள், அவ்வப்போது எழுந்து நின்று மிதியுங்கள்.

"மூலிகை" என்ற பெயரில் விற்கும் வீரிய மாத்திரைகளைப் பற்றி நான்கு வரி. அவற்றில் பலவற்றைச் சோதித்தபோது, விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் போன்ற மருந்தே உறையில் குறிப்பிடாமல் கலந்திருப்பது தெரியவந்தது. அந்த மருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நல்ல மருந்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மாத்திரை எடுப்பவரின் உடலில் அறியாமல் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்ன இருக்கிறது என்று தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பின்னும் வலித்தால் மருத்துவரைப் பாருங்கள். விறைப்பின்போது புதிதாக வளைவு, உறுப்பில் கட்டி போன்ற தடிப்பு, சிறுநீரிலோ விந்திலோ இரத்தம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவை எதுவும் பயிற்சியால் தீர்த்துக்கொள்ளும் விஷயமல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தணியாமல் நின்றால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே ஓட வேண்டிய நிலை. கூச்சப்பட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் திசு நிரந்தரமாகக் கெடும். புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி பெரிதும் உதவும். ஆனால் எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்தவரே சொல்ல வேண்டும்.

என் நோட்டுப்புத்தகத்தின் ஐந்தாவது கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சிறுநீர் கழித்து முடித்ததும் ஒரு தடவை நன்றாக இறுக்கி விடுவதை இரண்டாம் மாதத் தொடக்கத்தில் பழக்கமாக்கிக்கொண்டேன். அந்தக் கட்டத்தில் சொட்டு வந்த நாளில் ஒரு புள்ளி வைப்பேன். மூன்றாம் மாதம் நடுவில் பிடிக்கும் நேரத்தைச் சரிபார்ப்பதற்காகப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். அந்தக் கட்டம் பதினாறு நாளாகக் காலியாக இருந்தது. அந்தப் பதினாறு நாளில் இரண்டு முறை வெளிர் நிறக் கால்சட்டை போட்டிருக்கிறேன். குழாயடியில் தண்ணீர் தெளித்துக்கொள்ள மறந்தே போயிருக்கிறேன்.